ஆயின்ட்மென்டுக்கு அடங்காத அரிப்பு

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்கண்ணா" என்று கேட்கும் பெண்ணிடம் கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. எங்கே என்பது அவள் நின்ற தோரணையிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ட்யூப் ஒன்று காகிதத்தில் சுற்றப்பட்டுக் கைமாறுகிறது. சில நாளில் அரிப்பு அடங்கும். சில வாரத்தில் திரும்பும். மறுபடி அதே ட்யூப். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அம்மாவுக்கு இருந்தது மகளுக்குத் தெரியாது, மகளுக்கு இருப்பது அம்மாவுக்குத் தெரியாது.

பெண்குறியின் வெளித்தோலில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, எரிச்சல், வெடிப்பு ஆகியவற்றைப் பற்றி மருத்துவம் இதுவரை என்ன கண்டிருக்கிறது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பதைத் தொகுத்துப் பார்க்கலாம். படித்தவரை எனக்குத் தோன்றுவது இதுதான்: "காரணம் தெரியவில்லை" என்று கைவிடப்படும் கேஸ்கள் பலவற்றில், அந்தத் தோலை ஒருவரும் நல்ல வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. நோயாளி பார்த்ததில்லை, கடைக்காரர் பார்க்க முடியாது, டாக்டரும் சில சமயம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சீட்டு எழுதிவிடுகிறார். பார்த்தும் பிடிபடாத புதிர்கள் உண்டு. அவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஆனால் அந்த வைத்தியம் புதிதாக ஒன்றைப் பூசுவதில் அல்ல, பூசிக்கொண்டிருப்பதை நிறுத்துவதில்தான் ஆரம்பிக்கிறது.

முதல் சந்தேகம் எப்போதும் பங்கஸ் மேல்தான். சந்தேகத்தில் தவறில்லை. காண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று முக்கால்வாசிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதல், சிவந்த தோல், தாங்க முடியாத நமைச்சல் என்று அதன் லட்சணங்களும் பிரசித்தம். ஆனால் அமெரிக்காவில் டாரன் ஃபெரிஸ் குழுவினர், தங்களுக்குப் பங்கஸ்தான் என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து 2002ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் காண்டிடா இருந்தது மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு பாக்டீரியா மிகுந்திருந்தது, அல்லது கலப்புத் தொற்று, அல்லது தொற்றே இல்லை. இத்தனைக்கும் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. பஞ்சுக் குச்சியில் எடுத்த கசிவை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். சில நிமிட வேலை.

உண்மையிலேயே காண்டிடாதான், வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வருகிறது என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. ஜாக் சோபெலும் சகாக்களும் 387 பெண்களிடம் நடத்தி 2004ல் வெளியிட்ட சோதனையில், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் வாரம் ஒரு முறை ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் மருந்து எடுத்தவர்களில் 90.8 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35.9 சதவீதம்தான். மருந்தை நிறுத்தி இன்னொரு ஆறு மாதம் போனபின் பார்த்தால் முதல் எண்ணிக்கை 42.9ஆகச் சரிந்திருந்தது. அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்குவதாகச் சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஏற்றதல்ல என்பதும், மாத்திரைக்கு மசியாத வேறு வகைக் காண்டிடாக்கள் உண்டு என்பதும் கூடவே நினைவில் இருக்க வேண்டும்.

வயது ஒரு நல்ல துப்பு. காண்டிடாவுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊறிய திசு வேண்டும். அதனால் பூப்பெய்தாத சிறுமிக்கும், மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன பாட்டிக்கும் பங்கஸ் என்று சொல்லப்பட்டால் ஒரு முறை யோசிக்க வேண்டும். விதிவிலக்கு சர்க்கரை நோய். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; அந்தரங்க அரிப்பை வைத்தே சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் உண்டு. இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. சிறுநீர் படும் இடமெல்லாம் பூஞ்சைக்கு விருந்து. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020ல் முடிந்து விலை சரிந்தபின் அது மிகப் பரவலாக எழுதப்படுகிறது. மாத்திரையை மாற்றிய சில வாரத்தில் அரிப்பு தொடங்கினால் அதைச் சர்க்கரை டாக்டரிடமே சொல்ல வேண்டும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது நல்லது செய்வதால் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இனி அந்த ட்யூபுக்கு வருவோம். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் மூன்று நான்கு மருந்துகள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும்: க்ளோபெட்டசால் அல்லது பெக்ளோமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு, மைக்கோனசோல் அல்லது க்ளோட்ரிமசோல் என்று ஒரு பூஞ்சை மருந்து, நியோமைசின் அல்லது ஜென்டமைசின் என்று ஒரு ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு எந்த அரிப்பையும் ஓரிரு நாளில் அமர்த்திவிடும், அதுதான் வில்லங்கம். கைகண்ட மருந்து என்று பெயர் வாங்கிக்கொடுப்பது அதுவே. படர்தாமரை இருக்கும் தோலில் அதைப் பூசினால் சிவப்பும் செதிலும் மறைந்து, பூஞ்சை மட்டும் அடியில் நிம்மதியாகப் பரவும். வட்டமான ஓரம் கலைந்துபோவதால் பிறகு பார்க்கும் டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. நியோமைசினோ தன் பங்குக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போனது. ஆக, அரிப்புக்குப் பூசியதே அடுத்த அரிப்புக்குக் காரணமாகலாம். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்தியாவில் படர்தாமரை அடங்காப்பிடாரியாக மாறியதற்கு இந்தக் கலவை ட்யூபுகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். இங்கே பரவிய, டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல இடங்களில் கட்டுப்படாத அந்தப் பூஞ்சைக்கு 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடை வாசலில் அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது நமக்கே தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்ற முடிவுக்கு வந்தால் அது இன்னொரு பெரிய தப்பு. இதே க்ளோபெட்டசால், வேறெதுவும் கலக்காமல், லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்னும் நோய்க்கு முதல் மருந்து. பிராகில் ப்ரைஸ்கி 1885லும் பாரிஸில் அல்லோப்போ 1887லும் இந்த நோயைப் பற்றி எழுதிவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட இதற்காகப் பெண்குறியின் தோலையே அறுத்து எடுக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது. இன்று ஒரு சிறு ட்யூப் போதும். ஆனால் நோய் அடையாளம் காணப்பட வேண்டுமே!

இரண்டு வயதுக் கட்டங்களில் இது அதிகம் வருகிறது: பூப்பெய்துவதற்கு முன், மாதவிடாய் நின்ற பின். அரிப்பு ராத்திரியில்தான் கொல்லும். தோல் வெளுத்து, மெலிந்து, கசக்கி விரித்த சிகரெட் காகிதம் மாதிரி சுருங்கியிருக்கும். வெளுப்பு பெண்குறியைச் சுற்றி இறங்கி ஆசனவாயையும் வளைத்து 8 வடிவத்தில் இருப்பது அதன் முத்திரை. சின்னச் சின்ன வெடிப்புகள் சிறுநீர் பட்டால் எரியும். கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் கரைந்து வெளியிதழோடு ஒட்டிக்கொள்ளும், பெண்ணுறுப்பின் வாய் குறுகும். நம் மாநிறத் தோலில் வெளுப்பைப் பார்த்ததும் "வெண்புள்ளி" என்று சொல்லிவிடுவது எளிது. வெண்புள்ளியில் நிறம்தான் போகும், தோலின் பதம் மாறாது, சாதாரணமாக அரிக்கவும் அரிக்காது. லைக்கன் ஸ்க்லிரோசஸ், உடலே தன் தோலைத் தாக்கும் வகை நோய் என்பதே இப்போதைய புரிதல். தைராய்டு கோளாறு கூடவே இருப்பது சகஜம். யாரிடமிருந்தும் ஒட்டியதல்ல, யாருக்கும் ஒட்டாது.

க்ளோபெட்டசால் பூசுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறை: முதல் மாதம் தினமும் இரவு ஒரு வேளை, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை. ஒரு தடவைக்கு விரல் நுனிக் கணுவில் பாதி அளவு களிம்பு. 30 கிராம் ட்யூப் இந்த மூன்று மாதத்துக்கும் போதும் என்பதிலிருந்தே எவ்வளவு குறைவாகப் பூச வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். கண்ணாடியில் பார்த்து, வெளுத்த இடத்தில் மட்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் "பிறப்புறுப்பில் பயன்படுத்தக் கூடாது" என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து நாலாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எழுதிக்கொடுத்த டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அரிப்பு போனதும் பூச்சை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு சிட்னியிலிருந்து ஒரு வலுவான பதில் வந்திருக்கிறது. கெய்ல் ஃபிஷர் குழுவினர் 507 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், சொன்னபடி தொடர்ந்து பூசிவந்தவர்களில் ஒருவருக்கும் அந்த இடத்தில் புற்றுநோய் வரவில்லை. பூசுவதில் விட்டுவிட்டு இருந்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்குப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்தது. குலுக்கல் முறைச் சோதனை அல்ல என்பதால் இதுவே இறுதி வார்த்தை இல்லை. ஆனாலும் நான் அந்த நோயாளியாக இருந்தால் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாறாக, லட்ச ரூபாய்க்குப் பேக்கேஜ் போடும் லேசர் விளம்பரங்களை நம்ப இப்போதைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. 2021ல் வெளியான ஒரு சிறு சோதனையில், லேசர் செய்ததுபோல் பாவனை மட்டும் காட்டப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

வெளுப்பும் இல்லை, பூஞ்சையும் இல்லை, தோல் மட்டும் தடித்துக் கருத்துப் போயிருக்கிறது என்றால் அது சொறிந்து சொறிந்து உண்டான தடிப்பாக இருக்கலாம். முதலில் எது அரிக்கவைத்ததோ அது எப்போதோ போயிருக்கும். அரிப்பதால் சொறிகிறோம், சொறிவதால் தடிக்கிறது, தடித்த தோல் இன்னும் அரிக்கிறது. தூக்கத்தில் கை தானாகப் போவதால் வைராக்கியத்தால் மட்டும் இதை நிறுத்த முடியாது. வீரியமான ஸ்டீராய்டைக் குறித்த காலத்துக்குப் பூசுவது, இரவில் தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரை, நகத்தை ஒட்ட வெட்டுவது, அரிக்கும்போது துணியில் சுற்றிய ஐஸை ஒற்றுவது என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுழலை உடைக்கும்.

அடுத்தது, நாமே அங்கே கொண்டுபோய்ப் போடுபவை. இந்தப் பட்டியல் ஆச்சரியமாக நீளும். குளியல் சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர், படிகாரம், மஞ்சள், வேப்பிலைக் கஷாயம், இன்டிமேட் வாஷ், வாசனை வைத்த நாப்கின், ஈர டிஷ்யூ, முடி நீக்கும் கிரீம், ஷேவிங், சரியாக அலசாத துணியில் நிற்கும் வாஷிங் பவுடர். வயதானவர்களுக்கு இருமினால் கசியும் சிறுநீர். பெண்ணுறுப்பின் உட்புறம் 3.8 முதல் 4.5 வரையான அமிலத்தன்மையில் தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்கிறது. சாதாரணச் சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்கிறது. கழுவக் கழுவத் தோலின் மேல்காப்பு கரைகிறது, எரிகிறது, அழுக்குதான் காரணம் என்று எண்ணி இன்னும் கழுவுகிறோம். 2012ல் இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு இன்டிமேட் வாஷ் விளம்பரம் அந்த இடத்தை வெளுப்பாக்குவதாகவும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது. வெளுப்பு போனாலும் "சுத்தம்" என்ற விற்பனை வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஈர டிஷ்யூக்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ரசாயனத்தை அமெரிக்கத் தொடுஒவ்வாமைச் சங்கம் 2013ன் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்றே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைத் தடைசெய்தது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திப் பார்ப்பதே மேல். வெறும் தண்ணீர், அதுவும் ஒரு நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஒற்றித் துடைத்து, வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆணுறையோடு மட்டும் எண்ணெய், ஜெல்லி எதுவும் கூடாது, ரப்பர் பழுதாகிவிடும். பலன் ஒரு வாரத்தில் தெரியாது. கெட்டுப்போன தோல் தேறப் பல வாரம் பிடிக்கும். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். அப்படியும் தீராவிட்டால் தோல் டாக்டர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. நம் வீட்டுக் கொடிகளில் ஒரு காட்சி உண்டு: வெயில் அடிக்கும் இடத்தில் லுங்கியும் பனியனும், நிழலோரக் கொடியில் நைட்டி, நைட்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஜட்டி. மழைக்காலத்தில் அது காய்வதே இல்லை. ஈரம் காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க லெக்கிங்ஸில் இருந்தால் என்ன களிம்பு பூசி என்ன பயன்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொரியாசிஸ் இந்த ஈரமான இடத்தில் செதில் உதிர்க்காமல் பளபளப்பான சிவப்பாக மட்டும் இருக்கும். உச்சந்தலையையும் முழங்கையையும் தொப்புளையும் பார்த்தால் குட்டு வெளிப்படும். லைக்கன் பிளேனஸ் என்னும் தோல் நோய் வாய்க்குள்ளும் புண் வைக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் அந்த இடத்திலேயே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் நன்றாகக் கேட்கிறது. பாலூட்டும் தாய்க்கும் இதே வறட்சி வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறுமிகளுக்கு ராத்திரி அரித்தால் முதலில் கீரைப்பூச்சி. சிறுமியின் தோலில் வெளுப்பும் இரத்தக் கசிவும் தெரிந்தால் லைக்கன் ஸ்க்லிரோசஸ் ஒரு சாத்தியம். அதைப் பாலியல் வன்முறையின் காயம் என்று தவறாக எடுத்துக்கொண்ட கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டில் எதையும் பார்க்காமலே தள்ளிவிடக் கூடாது.

எல்லாம் பார்த்தாயிற்று, தோலில் ஒன்றும் இல்லை, ஆனாலும் எரிகிறது, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. இந்த நிலைக்குத்தான் வல்வோடினியா என்று பெயர்: தெளிவான காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி. இங்கேதான் "எல்லாம் மனப்பிரமை" என்ற தீர்ப்பு வாசலில் காத்திருக்கிறது. பெர்னார்ட் ஹார்லோவும் எலிசபெத் ஸ்டூவர்ட்டும் பாஸ்டன் வட்டாரத்தில் சுமார் 4,900 பெண்களிடம் விசாரித்து 2003ல் எழுதிய கட்டுரையின்படி, ஏறக்குறைய 16 சதவீதம் பேர் வாழ்வில் ஒரு கட்டத்தில் இப்படிப்பட்ட வலியை அனுபவித்திருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் வைத்தியமே தேடவில்லை. தேடியவர்களில் 60 சதவீதம் பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டாக்டர்களிடம் ஏறி இறங்கியிருந்தார்கள். இதற்கான பரிசோதனைக்குக் கருவிகூட வேண்டாம். ஈரப் பஞ்சுக் குச்சியால் வாய்ப்பகுதியைக் கடிகார முள் சுற்றுவதுபோல ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தொட்டு, எங்கே எவ்வளவு வலி என்று கேட்கிறார்கள். வழக்கமாக ஐந்து, ஏழு மணி இருக்கும் இடத்தில் பெண் துள்ளிவிடுவாள்.

வைத்தியத்தில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. டெசிப்ரமின் மாத்திரையும் லிடோகெய்ன் பூச்சும் வெற்று மருந்தைவிட மேல் என்று 2010ல் வந்த ஒரு சோதனையால் நிரூபிக்க முடியவில்லை. அதே சமயம் கனடாவில் 212 பெண்களிடம் நடந்து 2021ல் வெளியான சோதனையில், இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பிசியோதெரபி, இரவில் பூசும் லிடோகெய்னைவிடத் தெளிவாக நன்றாக வேலைசெய்தது. வலிக்குமோ என்ற பயத்தில் அந்தத் தசைகள் இறுகுகின்றன, இறுக்கமே வலியைக் கூட்டுகிறது. வலி நிஜம்தான், கற்பனை இல்லை. மனநல ஆலோசகர் உதவலாம் என்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. இந்தப் பிசியோதெரபியைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரில் பெருநகரங்களைத் தாண்டிக் கிடைப்பது அரிது.

நம் மருத்துவ ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதல் என்று அரசு மையத்துக்குப் போனால், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வகுத்த பச்சை நிறக் கிட் கிடைக்கும்: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. லேப் இல்லாத இடத்திலும் அறிகுறியை வைத்தே தொற்றைக் குணப்படுத்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த முறை. தொற்றுக்கு அது சரி. தோல் நோய் வந்தவளுக்கும் அதே பச்சைக் கிட் கிடைத்து, சரியாகவில்லை என்று திரும்பி வந்தால் மறுபடியும் அதே கிட் என்றால்தான் சிக்கல். இன்னொரு பக்கம், அரசு மருத்துவமனைகளில் தோலும் பால்வினையும் அக்கம்பக்கத்துப் பிரிவுகள். பால்வினை என்ற பலகையைப் பார்த்ததும் கல்யாணமான பெண் திரும்பிப் போய்விடுகிறாள். வீட்டில் அதைவிட மோசமான கேள்வி காத்திருக்கிறது: யாரிடமிருந்து வந்தது? மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உறவால் பரவுபவை அல்ல. காண்டிடாவுக்குக்கூடக் கணவனுக்கு அறிகுறி இல்லையென்றால் அவருக்கு மருந்து வேண்டியதில்லை. ஒரு டாக்டர் கணவனையும் உட்காரவைத்து இந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னால் எத்தனையோ சண்டை மிச்சமாகும்.

டாக்டரிடம் போகும் நாளில், இதுவரை பூசிய ட்யூப் அத்தனையையும் காலியானதுகூட விடாமல் ஒரு பையில் எடுத்துப் போவது நல்லது. மாதவிடாய் தேதியோடு சேர்த்து எப்போது அரித்தது என்று ஒரு சின்னக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. "ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறாத புண், தொட்டால் தட்டுப்படும் கட்டி, மேடு தட்டிய வெள்ளை அல்லது கருந்திட்டு, இரத்தம் கசியும் வெடிப்பு, சரியான மருந்தை ஒழுங்காகப் பூசியும் மூன்று மாதத்தில் மாறாத தோல் ஆகியவற்றுக்கு பயாப்சி தேவைப்படும். மரத்துப்போகும் ஊசி போட்டு நாலு மில்லிமீட்டர் அளவில் தோலைக் கிள்ளி எடுப்பார்கள். ஒரு தையல், சில சமயம் அதுவும் இல்லை. ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தால் திசுவில் நோயின் அடையாளங்கள் மங்கிவிடும். அதனால் எந்தக் களிம்பை, எந்தத் தேதிவரை பூசினோம் என்பதை லேப்புக்குப் போகும் படிவத்திலும் எழுதச் சொல்ல வேண்டும்.